முப்பத்திநாலாவது மிதவை

ஏரி என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் அதற்கு வயது முப்பதுதான். அதற்கு முன்னால் அந்தப் பள்ளத்தாக்கு முழுக்கக் காடு. நடுவில் ஓடிய ஓடையைக் குறுக்கே சுவர் எழுப்பி நிறுத்தினார்கள். தண்ணீர் ஏற ஏற, தெப்பத்தில் உட்கார்ந்தபடியே மரங்களை வெட்டிக்கொண்டு வந்தார்கள். தண்ணீர் நின்ற இடத்தில் வெட்டும் நின்றது. பிறகு கரையில் புல் விரித்து, படகுத்துறை கட்டி, ஐஸ்கிரீம் கடையும் ஊஞ்சலும் வைத்து, வருகிறவர்களுக்கு நல்வரவு என்று பலகை மாட்டிவிட்டார்கள். மேலே பார்த்தால் வானமும் மேகமும். அடியில் ஒரு காடே தலையில்லாமல் நின்றுகொண்டிருந்தது.

அந்தத் தலையில்லாத மரங்களை ஒவ்வொன்றாகத் தெரிந்த மனிதன் ஒருவன்தான். மிதவைக்காரன்.

வருடத்துக்கு ஒருமுறை மதகைத் திறந்து தண்ணீரை இரண்டு ஆள் உயரம் குறைப்பார்கள். சேற்றில் மரங்கள் வெளியே வரும். அவன் தொடை வரை புதைந்து புதைந்து நடந்து ஒவ்வொன்றையும் பார்ப்பான். எது சாய்ந்தது, எது இன்னும் நிமிர்ந்து நிற்கிறது என்று குறித்துக்கொள்வான். கான்கிரீட் கட்டைகளைச் சேற்றில் இறக்கி, அவற்றில் கம்பிக் கயிறு பூட்டி, கயிற்றின் மறுமுனையில் சிவப்பு மிதவையைக் கட்டுவான். மொத்தம் நாற்பத்தொன்று. மதகை மூடித் தண்ணீர் ஏறியதும் மரங்கள் மறுபடி மறைந்துவிடும். மிதவைகளுக்கு இந்தப் பக்கம் போகிற படகு பிழைக்கும், அந்தப் பக்கம் போனால் அடிவயிறு கிழியும்.

சீசன் திறக்கும் நாளில் முதல் சுற்று என்று ஒரு வழக்கம் உண்டு. மிதவை கட்டியவனே முதல் படகை ஓட்ட வேண்டும், அதுவும் தன் வீட்டாரை ஏற்றிக்கொண்டு, முழு வேகத்தில், நாற்பத்தொரு மிதவையையும் ஒட்டியபடி. மற்ற படகுகள் அவன் விட்ட நுரைத் தடத்திலேயே பின்னால் வரும். "உன் பொண்டாட்டி புள்ளைய நீ ஏத்து, என் விருந்தாளிய நான் ஏத்தறேன்" என்று ஏரியின் முதல் முதலாளி சொன்னாராம். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஏரி இப்போது அவருடைய இரண்டு பிள்ளைகளின் கையில், பெரிய முதலாளி, சின்ன முதலாளி. வழக்கம் மட்டும் அப்படியே இருந்தது.

மிதவைக்காரனின் மகள் நடக்கத் தொடங்கிய வருடத்திலிருந்து முதல் சுற்றில் போயிருக்கிறாள். படகின் முன்னால் நின்று மிதவைகளைச் சத்தமாக எண்ணுவாள். முப்பத்திநாலாவது மிதவை ஒரு வளைவில் இருந்தது. அங்கே படகு திரும்பும்போது தண்ணீர் எழும்பி அவள் முகத்தில் அறையும். அவள் கெக்கெக்கென்று சிரித்து, கண்ணைத் துடைத்து, "முப்பத்திநாலு" என்று மறுபடி சொல்வாள். அந்த ஒன்றை இரண்டாகச் சேர்த்துக்கொள்வதால் அவள் கணக்கில் மொத்தம் எப்போதும் நாற்பத்திரண்டு வரும். "உன் மிதவை ஒண்ணு கூடுதலா இருக்குப்பா, வீட்டுக்கு எடுத்துட்டுப் போலாமா?" என்பாள்.

போன வருடம் ஒரு நண்பகலில், நீச்சல் எல்லைக்கு உள்ளே குளித்துக்கொண்டிருந்தபோது சின்ன முதலாளியின் விசைப்படகு அவள் மேல் ஏறிப் போனது. அவளுக்குப் பன்னிரண்டு வயது.

மிதவைக்காரன் எதிர்க்கரையில் இருந்தான். அவன் படகைப் பார்க்கவில்லை, கேட்டான். சீறிக்கொண்டு வந்த இன்ஜின் ஒரு நொடி விக்கியது. பிறகு மறுபடி சீறியது. அந்த விக்கல் அதற்குப் பிறகு அவன் காதைவிட்டுப் போகவேயில்லை. அவளைத் தூக்கியபோது முதுகில் நான்கு வெட்டு, ஒரே இடைவெளியில். யாரோ அடிக்கோல் வைத்துக் கிழித்ததுபோல.

நீச்சல் எல்லையைக் காட்டும் மிதவை கரையோரம் ஒதுங்கிக் கிடந்தது. விசாரிக்க வந்தவர்கள் அதைப் பார்த்தார்கள். மிதவை இடம்பெயர்ந்ததால் எல்லை எதுவென்று ஓட்டியவருக்குத் தெரிய வாய்ப்பில்லை என்று எழுதிக்கொண்டார்கள். மிதவையைக் கட்டியவன் யார்? அப்பன்தான். பெரிய முதலாளி அத்தனை பேருக்கு முன்னாலும் அவன் தோளில் கை போட்டு, "மனுஷன்தானேப்பா, தப்பு நடக்கத்தான் செய்யும். உன்னை நாங்க வேலையை விட்டெல்லாம் அனுப்ப மாட்டோம்" என்றார். அந்தக் கை விழுந்த இடம் ஒரு வருடமாக எரிந்துகொண்டிருந்தது.

இந்த வருடம் தண்ணீர் இறங்கியதும் அவன் முதலில் போனது நீச்சல் எல்லைக்குத்தான். சேற்றைக் கையால் தோண்டினான். கான்கிரீட் கட்டை அவன் இறக்கிய இடத்திலேயே இருந்தது, ஒரு விரற்கடை நகரவில்லை. கம்பிக் கயிறும் பூட்டியபடியே இருந்தது. மேல்முனை மட்டும் சிதைந்து, புரிகள் விரிந்து, ஒரு பூவைப்போல மலர்ந்திருந்தது. அந்தப் புரிகளுக்கு நடுவில் ஏதோ மின்னியது. பல்லால் கடித்துப் பிடுங்கினான். கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பித்தளைத் துண்டு.

அவன் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டான். மிதவை நகரவில்லை. படகு கோட்டைத் தாண்டி உள்ளே வந்து, கயிற்றை அறுத்து, அதில் ப்ரொப்பெல்லர் இறக்கை உடைந்து, அதன் பிறகு என் பெண்ணின் மேல் ஏறியிருக்கிறது. இதை அவன் மூன்று முறை தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். சுற்றிலும் தலையில்லாத மரங்கள் நின்று கேட்டுக்கொண்டிருந்தன.

படகுப் பட்டறையில் மெக்கானிக்காக இருந்தவன் அவனுடைய மைத்துனன், மனைவியின் கூடப்பிறந்த தம்பி. செத்தவளுக்குத் தாய்மாமன். வாயைத் திறந்தால் கேலிதான்.

"வாங்க மாமா, என்ன இது, சேத்துக்குள்ள நீங்க இறங்கினீங்களா, இல்ல உங்க மேல சேறு இறங்குச்சா? அக்கா பாத்தா உங்களை வாசல்லயே நிக்க வச்சு பக்கெட் தண்ணி ஊத்தும்."

மிதவைக்காரன் பித்தளைத் துண்டை மேசையில் வைத்தான்.

"இது எந்தப் படகோட றெக்கை மாப்ள?"

மைத்துனன் கையிலிருந்த ஸ்பேனர் நின்றது. அவன் துண்டைப் பார்க்கவில்லை. பார்க்காமலேயே அவனுக்கு அது என்னவென்று தெரிந்திருந்தது. அதுதான் அவனைக் காட்டிக்கொடுத்தது.

"தெரியல மாமா. எத்தனையோ படகு..."

மிதவைக்காரன் அவன் பின்கழுத்தைப் பிடித்து முகத்தை மேசையில் மோதினான். திருகாணிகள் சிதறின. மூக்கு உடைகிற சத்தம் காய்ந்த சுள்ளி முறிகிற மாதிரி இருந்தது. மைத்துனன் துள்ளி எழுந்து கிடைத்த சுத்தியலை வீச, அது மிதவைக்காரனின் காதோரத்தைக் கிழித்துக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது. அடுத்த நொடி இருவரும் கீழே, எண்ணெய்க் கறையில் வழுக்கிக்கொண்டு, ஒருவர் மேல் ஒருவர். பத்து வருடம் ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிட்டவர்கள். மிதவைக்காரன் அவன் வலது கையை இழுத்து மேசை ஓரத்து இரும்பு இடுக்கியின் வாய்க்குள் திணித்து, கைப்பிடியைச் சுற்றினான். ஒரு சுற்று. இரண்டு சுற்று.

"மாமா! மாமா, வேணாம், வேலை செய்ற கை மாமா!"

"எந்தப் படகு?"

மூன்றாவது சுற்றில் விரல் ஒன்று முறிந்தது. மைத்துனன் அலறவில்லை. குழந்தையைப்போல விசும்பினான்.

"மாத்தச் சொன்னாரு மாமா. அன்னைக்குச் சாயங்காலமே. சின்னவரு வந்து நின்னு, இப்பவே புதுசு மாட்டுடான்னாரு. எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல. பாப்பா ஆஸ்பத்திரியில..."

"ஆஸ்பத்திரியில இல்லடா. பிணவறையில. நான் வெளிய பெஞ்சுல உக்காந்து, எங்கடா இவனக் காணோம்னு உன்னத் தேடிட்டு இருந்தேன்."

"பழச நான் தூக்கிப் போடல மாமா. பரண்ல சாக்குல சுத்தி வச்சிருக்கேன். சத்தியமா. போட மனசு வரல. சொல்லவும் தைரியம் வரல."

மிதவைக்காரன் இடுக்கியைத் தளர்த்தினான். ஏணி வைத்து ஏறி, ஒட்டடைக்கு நடுவிலிருந்து சாக்கை இறக்கினான். நான்கு இறக்கை உள்ள ப்ரொப்பெல்லர், ஒன்றில் நுனி இல்லை. துண்டை எடுத்து வைத்துப் பார்த்தான். சாவி பூட்டுக்குள் போகிற மாதிரி பொருந்தியது.

நிமிர்ந்து பார்க்கக்கூட நேரமில்லை. சத்தம் கேட்டுச் சின்ன முதலாளி வந்துவிட்டான், பின்னால் இரண்டு காவலாட்கள். சாக்கையும் பித்தளையையும் ஒரு பார்வை பார்த்தான். அவனுக்கும் விளக்கிச் சொல்லத் தேவையிருக்கவில்லை. சுவரில் சாய்த்திருந்த துடுப்பை எடுத்து, பேச்சே இல்லாமல், மிதவைக்காரனின் முழங்காலில் ஒன்று போட்டான். விழுந்தவனின் விலாவில் இன்னொன்று. காவலாட்கள் கைகளை அமுக்கிக்கொண்டார்கள்.

"ஒரு வருஷமா உன்னைப் பாவம் பாத்து வச்சிருக்கோம்ல?" என்று மூச்சு வாங்கினான் சின்ன முதலாளி. "நாளைக்கே உன்மேல கேஸ் போடலாம். கவனக்குறைவா மிதவை கட்டி ஒரு குழந்தையக் கொன்னவன்னு. எழுதி வச்ச பேப்பர் எங்கிட்ட இருக்கு. உங்கிட்ட என்ன இருக்கு? இந்தக் காயலான்கடைச் சாமானா?"

சாக்கைத் தூக்கிக்கொண்டு போனான். அணைச் சுவரோரம், படகுத்துறையை ஒட்டி, எப்போதும் தண்ணீர் வற்றாத ஒரு மடு உண்டு. மிதவைக்காரனைப் படகுத்துறை வரை இழுத்துப் போய், கண்ணைத் திறந்து பார்க்கச் சொல்லி, ப்ரொப்பெல்லரையும் துண்டையும் அந்த மடுவில் வீசினான். இரண்டு வட்டங்கள் விரிந்து ஒன்றோடொன்று கலந்தன.

"இன்னும் நாலு நாள்ல திறப்பு. போய் மிதவையக் கட்டு. ஒழுங்காக் கட்டு."

மரங்களைத் தெரிந்தவன் வேறு யாருமில்லை என்பதால் அவனைத் துரத்தவும் முடியவில்லை.

வீட்டில் மனைவி வெந்நீர் வைத்து அவன் விலாவைத் துடைத்தாள். டிக்கெட் கவுண்டரில் வேலை பார்ப்பவள், யாரிடமும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேச மாட்டாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான். தம்பி பெயர் வந்தபோது துணியைப் பிழிந்த கை ஒரு கணம் நின்றது. சாயங்காலம் தம்பி விரலில் கட்டோடு வாசலில் வந்து நின்று, "அக்கா" என்றான். அவள் கதவைச் சாத்தினாள். அறைந்து சாத்தவில்லை. மெதுவாக, தாழ்ப்பாள் விழும் சத்தம் அவனுக்கு நன்றாகக் கேட்கும்படி சாத்தினாள்.

மதகு மூடி, தண்ணீர் ஏறி, ஏரி மறுபடி அழகாகிவிட்டது. திறப்பு நாள் விடியற்காலையில் பனி விலகுவதற்கு முன்னால் மிதவைக்காரன் தன் தட்டைப்படகில் தனியாகப் போனான். முப்பத்திநாலாவது மிதவைக்குப் பக்கத்தில் ஏரியிலேயே பெரிய மரம் ஒன்று நின்றது. அவன் அதை மூத்தவன் என்று அழைப்பான். கடைசியாக வெட்டப்பட்டதால் அதன் தலை நீர்மட்டத்துக்கு முழங்காலளவு கீழேதான் இருந்தது. நான்கு பேர் உட்கார்ந்து சீட்டாடலாம், அவ்வளவு அகலம். அவன் கப்பியைச் சுற்றி மிதவையின் கான்கிரீட் கட்டையைத் தூக்கி, முப்பதடி தள்ளி, மூத்தவனுக்கு அந்தப்புறம் இறக்கினான். இப்போது பாதை நேராக மரத்தின் தலைமேல் போயிற்று.

அவன் கணக்கு இதுதான். தட்டைப்படகுக்கு ஒரு சாண் தண்ணீர் போதும். மரத்தின் மேல் போகும்போது இன்ஜினைத் தூக்கிவிட்டால் வழுக்கிக்கொண்டு தாண்டிவிடும். பின்னால் முழு வேகத்தில் வருகிற விசைப்படகின் வயிறு ஆழமானது. பெண்டாட்டியை ஏற்றிக்கொண்டு போகிறவன் பின்னால் வர யார் யோசிப்பார்கள்?

பத்து மணிக்குக் கரை முழுக்கக் கூட்டம். பெரிய முதலாளி கொடியசைத்தார். மிதவைக்காரனின் படகில் மனைவி முன்னால் உட்கார்ந்திருந்தாள், மகள் நிற்கும் இடத்தைக் காலியாக விட்டு. அடுத்ததாகச் சின்ன முதலாளி. வழக்கமாக அவன் தனியாக வருவான். இன்று பக்கத்தில் மைத்துனன், கையில் கட்டோடு, வீங்கிய மூக்கோடு.

"அவன் ஏன் வரான்?" என்று மிதவைக்காரன் வாய்விட்டே கேட்டுவிட்டான்.

"புது இன்ஜின். மெக்கானிக் கூட இருக்கணும்னு இழுத்துட்டுப் போனாரு," என்றாள் மனைவி திரும்பாமல்.

இன்னும் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. விசையைத் திருகினான்.

ஒன்று, இரண்டு, மூன்று. மிதவைகள் சிவப்புப் பொட்டுகளாகப் பக்கத்தில் பறந்தன. கரையோரக் காடு ஒரே பச்சைக் கோடாக நீண்டது. பின்னால் விசைப்படகு நாற்பதடி தள்ளி ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. "என்னய்யா, கட்டைவண்டியா ஓட்டற? போய்யா!" என்று சின்ன முதலாளி கத்துவது காற்றில் வந்தது. இருபதாவது மிதவையைத் தாண்டியபோதுதான் அவனுக்கு உறைத்தது, மனைவி எண்ணிக்கொண்டிருக்கிறாள். உதடு அசைய, வெளியே கேட்டும் கேட்காமலும். ஒரு வருடமாக அந்த வீட்டில் யாரும் எதையும் எண்ணியதில்லை.

"முப்பத்திரண்டு... முப்பத்திமூணு..." அவள் நிறுத்தினாள். "என்னங்க, முப்பத்திநாலு எங்க?"

"அதோ."

"அது இல்ல. கரையில அந்தப் பட்ட மரத்துக்கு நேரா இருக்கும். பாப்பா முகத்துல தண்ணி அடிக்கறப்ப நான் அந்த மரத்தத்தான் பாப்பேன்." திரும்பினாள். அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு இன்ஜினைத் தூக்கும் கம்பிக்குப் போன அவன் கையைப் பார்த்தாள். "நகர்த்திட்டீங்களா?"

என் தம்பி இருக்கான் அதுல என்று சொல்லப் போகிறாள் என்று நினைத்தான். அதற்குப் பதிலும் வைத்திருந்தான். அவள் அதைச் சொல்லவில்லை.

"யோவ்," என்றாள். கல்யாணமாகிப் பதினைந்து வருடத்தில் அவனை அப்படிக் கூப்பிட்டதில்லை. "அவன் செத்தா என்ன எழுதுவாங்க? மிதவை நகர்ந்திருந்துச்சுன்னு எழுதுவாங்க. இவன் மிதவை நகரும்யா, போன வருஷமும் நகர்ந்ததுதான்னு எழுதுவாங்க. எம்பொண்ண நீதான் கொன்னேன்னு உன் கையாலயே எழுதிக் குடுக்கப் போறியா?"

மூத்தவனுக்கு இன்னும் அறுபதடி.

இன்ஜின் கைப்பிடியை உடம்பின் முழு பாரத்தோடும் ஒருபக்கமாகத் தள்ளினான். தட்டைப்படகு சுழன்று பாதைக்குக் குறுக்கே நின்றது. கையை உயர்த்தினான். முதல் படகில் கை உயர்ந்தால் எல்லோரும் நிற்க வேண்டும். பின்னால் வந்த மற்ற படகுகள் அடங்கின. சின்ன முதலாளி எந்தக் கோட்டுக்கும் நின்று பழகாதவன். ஒடித்துத் திரும்பி முந்திப் போய்விடலாம் என்று நினைத்தான். நாற்பதடியில் அது முடியவில்லை.

மோதியபோது பெரிய சத்தமில்லை. தகர டப்பாவைக் காலால் மிதித்த மாதிரிதான். அந்த வேகம் இரண்டு படகுகளையும் மூத்தவனருகே தள்ளிக்கொண்டு போயிற்று. தட்டைப்படகின் பின்பாதி பிய்ந்தது. மிதவைக்காரனின் இடது கை படகுகள் இரண்டுக்கும் நடுவில் மாட்டி, முழங்கைக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிந்தது. சின்ன முதலாளி இருக்கையிலிருந்து பிடுங்கி எறியப்பட்டு, மிதவைக்காரனின் தலைக்கு மேலாகப் போய்த் தண்ணீரில் விழுந்தான். விசைப்படகு இன்ஜின் அணைந்து அரைவட்டமடித்து நின்றது. மனைவி மிச்சமிருந்த பாதிப் படகைக் கட்டிக்கொண்டிருந்தாள், நெற்றியில் ரத்தம்.

மிதவைக்காரன் தண்ணீருக்குள் போனான். பச்சை இருட்டு. கால் எதையோ தொட்டது, தட்டையாக, வழுவழுப்பாக. மூத்தவன். ஊன்றி எழுந்தான். பக்கத்தில் தத்தளித்த சின்ன முதலாளியின் தலைமுடியை வலது கையால் பற்றி இழுத்து மரத்தின் மேல் நிறுத்தினான். கரையிலிருந்து பார்த்தவர்களுக்கு மூச்சே நின்றுவிட்டது. நடு ஏரியில், முழங்காலளவு தண்ணீரில், இரண்டு மனிதர்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

"காலுக்குக் கீழ என்ன இருக்கு, சொல்லு."

"விடுறா... பைத்தியக்காரா..."

முகத்தைத் தண்ணீரில் அமுக்கினான். எடுத்தான்.

"என்ன இருக்கு?"

"மரம். மரம்."

"மிதவை எங்க இருக்கணும்?"

சின்ன முதலாளி திரும்பிப் பார்த்தான். சிவப்பு மிதவை தப்பான பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தது. அவனுக்குப் புரிந்தது. "நீ... என்னைக் கொல்லப் பாத்தியாடா? எல்லாரும் பாருங்க! இவன் மிதவைய நகர்த்தியிருக்கான்!"

"ஆமா." மிதவைக்காரன் சுற்றி நின்ற படகுகளைப் பார்த்து, குரல் கிழியக் கத்தினான். "நான்தான் நகர்த்தினேன்! இன்னைக்குக் காலைல, இவனக் கொல்றதுக்கு, நானே நகர்த்தினேன்! நான் செஞ்சத நான் சொல்லிட்டேன். இப்ப நீ சொல்லு. போன வருஷம் கயித்த அறுத்தது யாரு?"

"எனக்குத் தெரியாது."

மறுபடி அமுக்கினான். இந்த முறை எடுக்கவில்லை. சின்ன முதலாளியின் நகங்கள் அவன் தொடையைப் பிறாண்டின. குமிழிகள் கொப்பளித்தன. ஒரு நொடி விக்கல், மறுபடி சீறல். காதுக்குள் அந்த இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

"நான்தான் மாத்தினேன்!"

விசைப்படகில் மைத்துனன் எழுந்து நின்றிருந்தான். கட்டுப் போட்ட கையை உயர்த்திக்கொண்டு, படகு படகாகத் திரும்பித் திரும்பிக் கத்தினான். "எல்லாரும் கேளுங்க! அன்னைக்குச் சாயங்காலம் உடைஞ்ச ப்ரொப்பெல்லர நான்தான் மாத்தினேன்! இவரு சொல்லித்தான்! கயிறு அதுலதான் அறுந்துச்சு! மிதவை நகரல! எங்க மாமா கட்டின மிதவை நகரல! பழச அணையோர மடுவுல போட்டிருக்காங்க, முங்கினா கிடைக்கும்! மாமா, விடுங்க, நான் சொல்லிட்டேன் மாமா, விடுங்க!"

மிதவைக்காரன் விடவில்லை. அவன் கேட்கிற நிலையில் இல்லை. குமிழிகள் குறைந்தன.

உடைந்த படகு மிதந்து மரத்தருகே வந்தது. மனைவி துடுப்பை எடுத்தாள். ஓங்கி, அவனுடைய முறிந்த கையின் மேலேயே அடித்தாள்.

அவன் அலறிக்கொண்டு பிடியை விட்டான். சின்ன முதலாளி மரத்தின் மேல் மண்டியிட்டு, வாயாலும் மூக்காலும் தண்ணீர் கக்கினான். யாரும் கேட்காமலே, அழுதுகொண்டே சொன்னான்: "குறுக்கால போனா சீக்கிரம் போயிடலாம்னுதான்... யாரும் இருக்க மாட்டாங்கன்னு..." அவ்வளவுதான். அது போதும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஆனால் சுற்றி நின்ற ஏழு படகுகளில் இருந்தவர்களும் அதைக் கேட்டார்கள்.

கரையிலிருந்து காவல்துறைப் படகு கிளம்புவது தெரிந்தது. பெரிய முதலாளி கொடியைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் அதே இடத்தில் நின்றார்.

"வர்றதுக்குள்ள மிதவைய எடுத்து அதோட இடத்துல வச்சிடணும்," என்றான் மிதவைக்காரன்.

மனைவிக்குப் புரிந்தது. தம்பியைப் பார்க்கவில்லை. ஆனால் கயிற்றின் ஒரு முனையை அவன் பக்கம் எறிந்தாள். அவன் பிடித்துக்கொண்டான். கப்பி உடைந்து போயிருந்தது. அவளுக்கு இரண்டு கை, மைத்துனனுக்கு ஒன்று, மிதவைக்காரனுக்கு ஒன்று. நான்கு கைகளும் சேர்ந்து கட்டையை அடியிலிருந்து தூக்கி, விசைப்படகின் ஓரத்தில் தொங்கவிட்டு, துடுப்புப் போட்டு அங்குலம் அங்குலமாக நகர்த்தின. கம்பிக் கயிறு உள்ளங்கைகளைத் தின்றது. பட்ட மரத்துக்கு நேராக வந்ததும் மிதவைக்காரன் தலையசைத்தான். விட்டார்கள். கட்டை சத்தமில்லாமல் இறங்கியது. மிதவை ஒருமுறை முங்கி, எழுந்து, நிமிர்ந்து நின்றது.

காவல்துறைப் படகு பக்கத்தில் வந்து அணைந்தது. அது கிளப்பிய அலை எழும்பி மனைவியின் முகத்தில் அறைந்தது. அவள் துடைக்கவில்லை.

"முப்பத்திநாலு," என்றாள்.

பிறகு சற்றுப் பொறுத்து, மறுபடியும், "முப்பத்திநாலு."